களத்துக் கொட்டகையில் ஒரு கார்

என் தம்பி செய்த காரின் உடம்பை இரண்டு பேர் தூக்கிவிடலாம். நானும் அவனும் தூக்கியிருக்கிறோம். அச்சிலிருந்து முதல் தடவை அதைப் பிரித்தபோது முன்பக்கம் அவன் பிடித்தான், பின்பக்கம் நான். இடுப்பு பிடித்துக்கொள்ளப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தவன், அது சட்டென்று மேலே வந்த வேகத்தில் தடுமாறிப்போனேன். "என்னடா இது, அப்பளமா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். பள்ளிக்கூடம் போன நாட்களுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எனக்கு வாய் நீளம். கோபம் அதைவிட நீளம். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் கோபத்தால் என்னோடு பேச்சை நிறுத்திய பங்காளிகள் உண்டு, கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்து போன மாமன் உண்டு. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. இந்த ஒரு விஷயத்துக்குத்தான் வருத்தப்படுகிறேன். அதுவும் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத வருத்தம்.

தம்பி இருபத்து மூன்று வயதில் ஷார்ஜா போனான். முதலில் படகு கட்டும் யார்டு. கண்ணாடி இழைத் துணியை அச்சின் மேல் விரித்து, ரெசின் என்கிற பிசினைப் பூசி, மறுபடி துணி, மறுபடி பிசின் என்று அடுக்கிக்கொண்டே போவது வேலை. காய்ந்ததும் உரித்தெடுத்தால் படகு. கொஞ்ச வருடம் கழித்து, பந்தயக் கார்களுக்கு உடம்பு செய்யும் ஒரு பட்டறைக்கு மாறினான். அங்கே கண்ணாடி இழைக்குப் பதிலாகக் கார்பன் துணி. கறுப்பாக, கோரைப்பாய் பின்னல் மாதிரி இருக்கும். இரும்பின் பலம், ஆனால் எடை ஒன்றுமே இல்லை என்பான். நான் போனில் கேட்டுக்கொண்டு ம் போடுவேன். அவன் யாரோ ஷேக்கின் மகனுக்குக் கார் செய்கிறான், எனக்கு இங்கே ஆற்றில் தண்ணீர் வரவில்லை.

பதினாறு வருடம் அப்படிப் போனது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் வருவான். அவன் பெண் குழந்தை அவனைப் பார்த்ததும் என் பின்னால் வந்து ஒளிந்துகொள்ளும். அவன் மனைவி வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். அவன் கிளம்பும் அன்று சாமி அறையில் போய் உட்கார்ந்துவிடுவாள், அவ்வளவுதான். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, என் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் வண்டி ஏறிப் போன பிறகு அந்த வீட்டில் என் செருமல் சத்தம் எனக்கே கேட்கும்.

ஒரு தடவை வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஒரு கார் செய்யப் போகிறேன் என்றான். முழுக்கத் தன் கையால், கார்பன் துணியும் கண்ணாடி இழையும் கொண்டு, ஒரே ஒரு மாதிரி வண்டி. பந்தயக் கார்போலத் தாழ்வாக, வேகமாக, ஆனால் அதில் பாதி எடையில். கோயம்புத்தூரில் வண்டிகளுக்கு உடம்பு செய்யும் ஒரு கம்பெனியோடு பேசி வைத்திருக்கிறானாம். கார் ஓடுவதை அவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் அவனுக்கு அங்கேயே வேலை, அவன் சொல்படி ஒரு பட்டறை.

"இது ஓடிடுச்சுன்னா நான் இங்கேயே இருந்துடுவேன்ணே. ஓடலைன்னா மறுபடி ஷார்ஜாதான். எப்ப வந்தாலும் விசா போட்டுத் தரேன்னு மொதலாளி சொல்லியிருக்காரு" என்றான்.

கோயம்புத்தூர் என்றால் சாயங்காலம் பஸ் ஏறினால் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எனக்கு அது போதும். என்ன வேண்டும் என்றேன். மழை படாத, ஈரம் ஏறாத, மேடான இடம் ஒன்று வேண்டும் என்றான். எங்கள் ஊரில் ஈரம் ஏறாத மேடு என்றால் ஒன்றே ஒன்றுதான். எங்கள் களம்.

இங்கேதான் என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். களம் எங்கள் பட்டா. ஆனால் மூன்று தலைமுறையாக அதில் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர்களும், பக்கத்துத் தெருக்காரர்களும் கதிர் அடித்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த வழக்கம் பத்திரத்தில் எழுதாத வழக்கம். எங்கள் மூன்று ஏக்கரைக் குத்தகைக்குச் செய்த ஆள் இறந்துபோனபோது, அவர் பெண்சாதி தாசில்தார் ஆபீசில் மனுக் கொடுத்துக் குத்தகைப் பதிவேட்டில் தன் பெயரை ஏற்றிக்கொண்டது. பெயர் ஏறிவிட்டால் நிலத்துக்காரன் நினைத்த மாத்திரத்தில் ஆளை வெளியேற்ற முடியாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. நான் அந்தக் கட்சி, இந்தக் கட்சி என்று இரண்டு பக்கத்து ஆட்களையும் பிடித்துப் பார்த்தேன். ஆட்சி மாறியதுதான் மிச்சம். அந்தச் சட்டத்தில் கைவைக்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. ஓட்டு அந்தப் பக்கம்தானே அதிகம்.

அந்த அம்மாவின் மாமனார் என் தாத்தாவைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு 'ஆண்டே' என்று நிற்பாராம். இந்த அம்மாவோ என் எதிரே தாசில்தார் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, அதிகாரி கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னது. மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தை என்ன செய்யலாம் என்று மனசுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தவனுக்குத் தம்பி வந்து இடம் கேட்டது நல்ல சாக்காகப் போயிற்று. களத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டேன். இரும்பு கேட், பூட்டு. நடுவில் தகரக் கொட்டகை.

தம்பி ஒரு தடவை கேட்கத்தான் கேட்டான், இங்கே கதிர் அடிப்பார்களே என்று. "அதெல்லாம் அந்தக் காலத்தோட போச்சுடா. இப்ப மிஷின் வந்து வயல்லயே அறுத்து டிராக்டர்ல கொட்டிட்டுப் போயிடுது. களம் யாருக்கு வேணும்?" என்றேன். நெல்லைப் பொறுத்தவரை அது நிஜம். உளுந்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

கார் வேலை ஒன்றரை வருடம் நடந்தது. முதலில் களிமண்ணும் பிளாஸ்டர் மாவும் வைத்து முழு உருவம் செய்தான். ஊரே வந்து பார்த்தது. நசுங்கின தவளை மாதிரி இருக்கிறது என்று ஒருத்தன் சொல்லப்போக, அதற்குத் தவளை என்றே பெயர் வந்துவிட்டது. இதில் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று கேட்டார்கள். ஒரு மூட்டையும் ஏற்ற முடியாது, இரண்டு பேர் படுத்த வாக்கில் போகலாம் என்றேன். படுத்துக்கொண்டு போவதற்கு எதற்கு இவ்வளவு கஷ்டம், அதற்கு வேறு வண்டி இருக்கிறதே என்று ஒரு கிழவர் கேட்டார். தம்பியும் சேர்ந்து சிரித்தான்.

அந்த உருவத்திலிருந்து எடுத்த அச்சின் மேல் துணி அடுக்கி முடித்ததும், மொத்தத்தையும் பிளாஸ்டிக் உறையால் மூடி, பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும். அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடிக்கும்வரை பம்ப் நிற்கக் கூடாது. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று மந்திரிக்கே தெரியாத காலம் அது. முதல் தடவை பாதியில் கரண்ட் போய், உறை உப்பி, பக்கவாட்டுத் துண்டு முழுவதும் கொப்புளம். இரண்டாவது தடவை ஐப்பசி மழையில் ஈரம் ஏறிப் பிசின் காயாமல் வெளுத்துப் போயிற்று. அவன் அதை ரம்பத்தால் அறுத்துப் போட்டான். மூன்றாவது தடவை நான் என் ஆயில் இன்ஜினுக்கு ஒரு ஜெனரேட்டரைக் கோத்துக் கொடுத்தேன். வயலுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டிய இன்ஜின் அது. பம்புக்குப் பக்கத்தில் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இன்ஜினைத் திருச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்தான். விபத்தில் நொறுங்கிப்போன ஏதோ நல்ல காருடையது. அதை ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் வைத்தான். புகைக்குழாய் அடிவயிற்றோடு ஒட்டிப் பின்னால் போயிற்று. தரைக்கும் அடிவயிற்றுக்கும் நாலு விரல் இடைவெளிதான். கதவு பக்கவாட்டில் திறக்காது, மேலே தூக்கித் திறக்கும். ஏண்டா இந்தப் பவிசு என்றேன். இதெல்லாம் இருந்தால்தான் பார்க்கிறவன் நின்று பார்ப்பான் என்றான்.

மாசி மாதம் வாய்க்காலை ஒட்டிக் கிழக்கே போகும் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வளைவே இல்லாத ரோடு. விடிந்த கையோடு, பால் வண்டி போன பிறகு. போனான், வந்தான், போனான், வந்தான். நான் மதகின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் என்னைக் கடந்து போனபோது வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. இறங்கி வந்தவன் வண்டியை மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொடுத்தான். "போதும்ணே. இது ஓடும்" என்றான். அவன் மனைவி அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். பெண்ணை இங்கேயே நல்ல பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாமா, கோயம்புத்தூரிலேயே பார்க்கலாமா என்று என்னைக் கேட்டாள்.

பங்குனியில் கோயம்புத்தூர்க்காரர்கள் வருவதாக நாள் குறித்தார்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தக் குத்தகைக்கார அம்மா என்னைத் தேடிக் களத்துக்கு வந்தது. தம்பி அன்று தஞ்சாவூர் போயிருந்தான், ஏதோ ரப்பர் வாங்க. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பேசியது. சம்பா அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்து காய்ந்து நிற்கிறது, செடி பிடுங்கியாகிவிட்டது, அதைக் காயப்போட்டு அடிக்க இடம் இல்லை என்றது. போன வருடம் வேறு யார் களத்திலோ கெஞ்சிக் கேட்டு அடித்ததாம். இந்த வருடம் அங்கேயும் வீடு கட்டுகிறார்களாம்.

"கொட்டாய்ப் பக்கமே வர மாட்டோங்க. ஓரமா பத்து நாளைக்குத் தொறந்து வுட்டீங்கன்னா போதும்."

எவ்வளவு இடம் கேட்டது? கொட்டகைக்கு வெளியே மாடு கட்டக்கூட ஆளில்லாமல் கிடந்த இடம். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அந்த ஆபீஸ் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

"நெலத்துக்குத்தான் அரசாங்கத்துக்கிட்டப் போனியே, களத்துக்கும் அங்கேயே போயேன். அரசாங்கம் போட்ட ரோடு சும்மாத்தானே கெடக்கு. அதுல போட்டு அடிச்சுக்க" என்றேன்.

அந்த அம்மா ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. நான் மீசையை முறுக்காத குறை. கெடுவான் கேடு நினைப்பான் என்பது அடுத்தவனைப் பார்த்துச் சொல்வதற்கென்றே செய்த பழமொழி என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

கம்பெனிக்காரர்கள் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கே நான் ரோடு முழுவதும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆடு மாடு இல்லை, பள்ளம் இல்லை, துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. "ரோடு சுத்தம்டா" என்றேன். ஆனால் அவர்கள் வந்து சேரப் பதினொரு மணி ஆகிவிட்டது. வழியில் ஏதோ டயர் தகராறு. மூன்று பேர். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஒருத்தர் பின்பக்க மூடியை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு மற்றவரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. ஓட்டிக் காட்டுங்கள் என்றார்கள். தம்பி உள்ளே இறங்கிப் படுத்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டான். அவன் பெண் கை காட்டியது.

பனி காய்ந்து வெயில் ஏறிய பிறகுதான் உளுந்தை ரோட்டில் பரப்புவார்கள். அது எனக்குத் தெரியாத விஷயமா? நாற்பது வருடமாக வயலில் கிடக்கிறவன். ஆனால் அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை.

மதகுக்கு அந்தப் பக்கம், ரோட்டின் முழு அகலத்துக்கும் முழங்கால் உயரம் செடி கிடந்தது. வெளியூர்க்காரனாக இருந்தால் பார்த்ததும் பிரேக்கை மிதித்திருப்பான். எங்கள் ஊர்க்காரன் மிதிக்க மாட்டான். ரோட்டில் உளுந்தோ எள்ளோ கிடந்தால் அதன் மேல் ஏற்றித்தான் போக வேண்டும். சக்கரம் ஏறினால் காய் உடையும், போட்டவர்களுக்கு அது ஒத்தாசை. விலக்கிக்கொண்டு போனால்தான் திட்டுவார்கள். பஸ்காரர்கூட அப்படித்தான் போவார். தம்பி பதினாறு வருடம் பாலைவனத்தில் கிடந்தாலும் இந்த ஊர்ப் பிள்ளைதானே. அப்படியே உள்ளே விட்டான்.

பஸ்ஸுக்கு அடிவயிறு உயரத்தில் இருக்கிறது. இதற்கு நாலு விரல். சருகாகக் காய்ந்த செடியை அப்படியே வாரி அடியில் அடைத்துக்கொண்டது. சக்கர அச்சில் சுற்றியது. எடை இல்லாத வண்டி சறுக்கிக்கொண்டே போய்ப் பக்கவாட்டில் நின்றது. அடியில் பழுக்கக் காய்ந்த புகைக்குழாய். முதலில் வெள்ளைப் புகை வந்தது. அப்புறம் கறுப்பு. பிசின் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது என்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான்.

நான் ஓடினேன். ஓட்டமா அது, தொப்பையைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி. கதவு மேலே தூக்கித் திறக்க வேண்டும், சூட்டில் அது பிடித்துக்கொண்டுவிட்டது. உள்ளே அவன் இரண்டு கையாலும் முட்டுவது தெரிந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மா வண்டியருகே வந்துவிட்டது. உளுந்து அடிக்கிற மூங்கில் தடியால் ஜன்னலில் ஓங்கி ஒரு போடு. பிளாஸ்டிக் ஜன்னல் சட்டத்தோடு பிதுங்கி விழுந்தது. பெல்ட்டை அரிவாளால் அறுத்து, அவனைத் தோளோடு பிடித்து வெளியே இழுத்து, வாய்க்கால் சேற்றில் போட்டுப் புரட்டியது. அதன் புடவை முந்தானை கருகியிருந்தது.

கார் கால் மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. இன்ஜின் மட்டும் ரோட்டில் நின்றது. அந்த அம்மாவின் உளுந்தும் அதோடு எரிந்து போயிற்று. வந்தவர்கள் மூன்று பேரும் தொலைவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தம்பியின் இடது கைக்கு முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்றதும் எனக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. கோபம் இல்லாமல் இருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். பொது ரோட்டில் செடியைப் போட்டு வண்டியைக் கொளுத்தியவர்களைச் சும்மா விட மாட்டேன், ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று கத்தினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவங்க எங்கண்ணே போடுவாங்க?" என்றான்.

நான் மேசையில் கிடந்த மருந்துச் சீட்டை எடுத்து மடித்தேன்.

"களத்தைக் கேட்டாங்களா?"

அவனிடம் நான் பொய் சொன்னவன்தான். அன்றைக்குப் பொய் வரவில்லை. "கேட்டுச்சு" என்றேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரோட்டுல போட்டுக்கன்னு சொன்னேன்டா."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு பேர் எதிரில் காறித் துப்பியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

கை ஆறியதும் ஷார்ஜா போய்விட்டான். இடது கையில் இரண்டு விரல் முழுசாக மடங்காது. அதனால் துணி அடுக்குகிற வேலை இல்லை, கிடங்கில் கணக்குப் பார்க்கிற வேலை. மனைவியும் பெண்ணும் அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த பங்குனியில் நான் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, அந்த அம்மாவின் வீட்டு வாசலுக்குப் போனேன். என் ஆயுளில் அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. களத்தில் உளுந்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நாற்காலி எடுத்துப் போட்டது. உட்காரச் சொன்னது. நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டது.

"வேணாங்க. நாளைக்கு உங்களுக்குக் கோவம் வந்தா மறுபடி பூட்டுவீங்க. ரோட்டுக்குப் பூட்டு இல்லீங்க" என்றது.

கேட் இப்போதும் திறந்துதான் கிடக்கிறது. கொட்டகைக்குள் காரின் அச்சு கவிழ்ந்தபடி இருக்கிறது. கோழி அதற்குள் போய் முட்டை வைக்கிறது. தம்பி வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். மழை எப்படி, ஆற்றில் தண்ணீர் வந்ததா, முட்டிவலி தேவலையா என்று கேட்பான். எப்போது வருகிறாய் என்று நான் கேட்பதில்லை. பங்குனி பிறந்தால் மட்டும் கடைசியில் ஒன்று கூடுதலாகக் கேட்பான்.

"உளுந்து எங்கேண்ணே போட்டிருக்காங்க?"

"ரோட்டுலதான்டா" என்பேன்.

சரிண்ணே என்று வைத்துவிடுவான்.